கைக்குள் அடங்கும் நிறமாலை

நுழையும்முன்

நோயை அறிய மருத்துவர் முதலில் பயன்படுத்தும் கருவி அவருடைய கண்ணே. அந்தக் கண்ணுக்குப் புலப்படாத நிற வேறுபாடுகளைக் காட்டும் கருவிகளை அறிவியல் படைத்துள்ளது. ஒரு மேசையை நிறைத்து நின்ற அக்கருவிகள் எவ்வாறு கையளவாகச் சுருங்குகின்றன? சுருக்கும்போது எவற்றை விடலாம், எவற்றை விடக்கூடாது? இப்பாடம் இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது.

நிறமும் நோயும்

சித்த மருத்துவம் நோயை அறிய எண்வகைத் தேர்வு என்னும் முறையை வகுத்துள்ளது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் ஆராய்ந்தே மருத்துவர் ஒரு முடிவுக்கு வருவார். இவ்வெட்டனுள் நிறமும் ஒன்றாக இருப்பது எண்ணத்தக்கது. இக்கால மருத்துவரும் நிறத்தைப் புறக்கணிப்பதில்லை. விழியின் வெண்பகுதி மஞ்சளானால் காமாலையை ஐயுறுகிறார். கீழிமையின் உட்புறம் வெளுத்திருந்தால் இரத்தசோகை இருக்கலாம் எனக் கருதுகிறார். உதடும் நகமும் நீலம் பாரித்தால் குருதியில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என அறிகிறார்.

எனினும் கண்ணின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. உதட்டில் நீலம் தெரியும்போது குருதியிலுள்ள ஆக்சிஜன் பெரிதும் குறைந்திருக்கும். மருத்துவர் விரைந்து செயற்படக் கிடைத்த காலத்தில் ஒரு பகுதி வீணாகியிருக்கும். மேலும், நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகையாகவே உள்ளன. ஆதலால் வெவ்வேறான இரு ஒளிக்கலவைகள் நமக்கு ஒரே நிறமாகத் தோன்றக்கூடும். சோடிய விளக்கின் மஞ்சளும், சிவப்பையும் பச்சையையும் கலந்து கைப்பேசித் திரை காட்டும் மஞ்சளும் கண்ணுக்கு ஒத்திருக்கலாம். முப்பட்டகத்தின் வழியே நோக்கினால் அவை முற்றிலும் வேறானவை என்பது விளங்கும்.

ஒளி எழுதும் கையொப்பம்

வெள்ளொளியை முப்பட்டகத்தால் பிரித்தால் ஊதா முதல் சிவப்பு வரையிலான நிறங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. இவ்வரிசையே நிறமாலை எனப்படுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் உண்டு. அது நானோமீட்டர் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே நானோமீட்டர். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் காண்கிறது.

ஒளி ஒரு பொருளின்மீது படும்போது, அப்பொருள் சில அலைநீளங்களை உட்கவர்ந்து, எஞ்சியவற்றைத் திருப்பியோ கடத்தியோ விடுகிறது. எவற்றை உட்கவர்கிறது என்பது அப்பொருளின் மூலக்கூறு அமைப்பைப் பொறுத்தது. எனவே நிறமாலையை அப்பொருள் இட்ட கையொப்பம் எனலாம்.

இருட்டறையில் கைப்பேசி விளக்கின்மேல் விரலை வைத்தால், விரல் செந்நிறமாய் ஒளிர்கிறது. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் மிகுதியாக உட்கவர்ந்து, சிவப்பைப் பெரும்பாலும் கடந்து செல்ல விடுவதே இதற்குக் காரணம். ஹீமோகுளோபினின் நிறமாலையை 1862இல் செருமானிய அறிஞர் ஹோப்பே சைலர் ஆராய்ந்து வெளியிட்டார். 1864இல் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ், ஆக்சிஜன் நீங்கும்போது அந்த நிறமாலை மாறுவதை நிறுவினார். ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அளவில் இரண்டு கரும்பட்டைகளைக் காட்டும். ஆக்சிஜன் நீங்கியதும் அவ்விரண்டும் மறைந்து, அவற்றுக்கு இடையே ஒரே அகன்ற பட்டை தோன்றும். குருதியைத் தொடாமல் ஒளியாலேயே அதன் நிலையை அறியலாம் என்னும் கருத்துக்கு இக்கண்டுபிடிப்பே அடித்தளம்.

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும்

சாதாரண ஒளிப்படக் கருவி ஒரு காட்சியின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகளையே பதிகிறது. நிறமாலைப் படக்கருவியோ ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து, ஐம்பது, நூறு என நெருக்கமான பல அலைநீளங்களின் அளவுகளைப் பதிகிறது. நூறு அலைநீளங்களில் எடுத்த நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் அமைவதால், இத்தொகுப்பைத் தரவுக் கனசதுரம் என்பர்.

இம்முறை முதலில் வளர்ந்தது மருத்துவமனையில் அன்று. பூமியை மேலிருந்து நோக்கும் ஆய்வில்தான். கனிமங்களையும் பயிர்களையும் காடுகளையும் இனம் பிரித்தறிய வானூர்திகளிலும் செயற்கைக்கோள்களிலும் இக்கருவிகள் பொருத்தப்பட்டன. 2018 நவம்பர் 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ செலுத்திய ஹைசிஸ் செயற்கைக்கோள் இவ்வகையைச் சேர்ந்தது. வயலில் வாடிய பயிரையும் வளமான பயிரையும் பிரித்துக் காட்டும் அதே நெறி, உடலில் குருதி பாயும் திசுவையும் பாயாத திசுவையும் பிரித்துக் காட்டவல்லது.

தீக்காயம் எவ்வளவு ஆழமானது, நீரிழிவு நோயாளியின் காற்புண்ணைச் சுற்றிக் குருதி ஓடுகிறதா, அறுவையின்போது வெட்டி இணைத்த குடலின் ஓரங்களுக்கு ஆக்சிஜன் கிடைக்கிறதா, கட்டியின் எல்லை எங்கே முடிகிறது ஆகிய வினாக்களுக்கு நிறமாலைப் படங்கள் விடை தரக்கூடும் என ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசியும் கத்தியும் இல்லாமல் விடை கிடைப்பது இதன் சிறப்பு.

பெரிய கருவியின் சுமைகள்

பயன் இவ்வளவு இருந்தும் இக்கருவிகள் எல்லா மருத்துவமனைகளுக்கும் பரவவில்லை. அதற்கு அவற்றின் அமைப்பே காரணம்.

பழைய அமைப்பில் ஒளி முதலில் ஒரு குறுகிய பிளவின் வழியே நுழையும். முப்பட்டகமோ கீற்றணியோ அதை நிறங்களாகப் பிரிக்கும். இவ்வாறு ஒரு நேரத்தில் காட்சியின் ஒரு வரி மட்டுமே பதிவாகும். அடுத்த வரிக்குக் கருவி சற்று நகர வேண்டும். ஒரு வரிக்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தேவைப்பட்டால், ஆயிரம் வரிகளுக்கு இருபது நொடிகள் ஆகும். கற்பாறை இருபது நொடிகள் அசையாமல் இருக்கும். மனித உடல் இராது. அமைதியாகப் படுத்திருப்பவரும் அதற்குள் நான்கைந்து முறை மூச்சுவிடுவார். அவர் இதயம் இருபது முறைக்கு மேல் துடிக்கும். படம் கலங்கிவிடும்.

இரண்டாவது சுமை ஒளிப்பற்றாக்குறை. ஒளியை நூறு பட்டைகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பட்டைக்கும் சராசரியாக நூறில் ஒரு பங்கே கிடைக்கும். குறையை ஈடுசெய்ய வலிய விளக்குகள் வேண்டும். அவை வெப்பத்தை உமிழும். மின்சாரத்தையும் மிகுதியாக உண்ணும்.

மூன்றாவது சுமை தரவு. ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளிகள் கொண்ட படத்தை நூறு அலைநீளங்களில் எடுத்தால் பத்துக் கோடி எண்கள் கிடைக்கும். ஓர் எண்ணுக்கு இரண்டு பைட்டு எனக் கொண்டால் ஒரு படமே 200 மெகாபைட்டு ஆகிவிடும். அதை உடனுக்குடன் ஆராய ஆற்றல்மிக்க கணினி தேவை.

இச்சுமைகளையெல்லாம் தாங்கும் கருவி பெருநகர மருத்துவமனையில் மட்டுமே நிற்க முடியும். ஆனால் காற்புண்ணோடு வரும் நோயாளி பெரும்பாலும் முதலில் செல்வது தம் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே. கருவி சிறுத்தால்தான் அவரிடம் செல்லும். சில மில்லிமீட்டர் விட்டமே உடைய அகநோக்கிக் குழாயின் நுனியிலும் அமரும்.

வினா கூர்மையானால் கருவி எளிதாகும்

கருவியைச் சுருக்குவது என்பது உறுப்புகளைச் சிறிதாகச் செய்வது மட்டுமன்று. எதை அறிய விரும்புகிறோம் என்பதைத் தெளிவாக வரையறுத்தால், தேவையற்ற உறுப்புகள் தாமே உதிர்ந்துவிடும். வரலாறு இதற்கு இரு சான்றுகள் தருகிறது.

முதற்சான்று கொல்கத்தாவில் நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், திரவங்களின் வழியே செல்லும் ஒளி சிதறும்போது அதன் நிறம் மாறுகிறதா என்று ஆராய்ந்தார். அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியின் பாதையில் நீலஊதாவை மட்டும் விடும் வடிப்பானை வைத்தனர். அவ்வொளி திரவத்தில் சிதறி வரும் வழியில், பச்சை நிறத்தை மட்டும் விடும் மற்றொரு வடிப்பானை வைத்தனர். முதல் வடிப்பானைக் கடந்ததை இரண்டாவது தடுத்துவிடும். ஆகவே திரவம் ஒளியின் நிறத்தை மாற்றாவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிசெய்யப்பட்ட அவ்விளைவு இராமன் விளைவு எனப் பெயர்பெற்றது. 1930இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சூரியன், இரு வடிப்பான்கள், ஒரு கண் ஆகியவையே முதன்முதலில் அதைக் காட்டிய கருவி. இன்று அதே விளைவைக் கொண்டு புற்றுநோய்த் திசுவை அடையாளம் காணும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இரண்டாவது சான்று ஜப்பானில் நிகழ்ந்தது. 1970களில் காதுமடலின் வழியே ஒளியைச் செலுத்திக் குருதி ஆக்சிஜனை அளக்கும் ஒரு கருவி இருந்தது. அது எட்டு அலைநீளங்களைப் பயன்படுத்தியது. காதையும் சூடாக்க வேண்டியிருந்தது. தோல், தசை, சிரைக்குருதி ஆகிய அனைத்தும் ஒளியை உட்கவர்வதால், தமனிக்குருதியை மட்டும் பிரித்தறிய இத்தனை ஏற்பாடுகள் தேவைப்பட்டன. டக்குவோ அயோயாகி என்னும் பொறியாளர் வேறொரு அளவீட்டில் ஈடுபட்டிருந்தபோது, நாடித்துடிப்பால் எழும் ஏற்ற இறக்கம் அவருக்கு இடையூறாக இருந்தது. அதை நீக்க முயன்ற அவர், ஓர் உண்மையை உணர்ந்தார். தோலும் தசையும் துடிப்பதில்லை, தமனிக்குருதியே துடிக்கிறது. ஆகவே ஒளியில் ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், தமனிக்குருதியின் செய்தி தனியே கிடைத்துவிடும். இடையூறு எனக் கருதப்பட்டதே விடையாயிற்று.

1974இல் வெளியான இக்கருத்திலிருந்து பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்தது. ஏறத்தாழ 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளியும் அதற்குப் போதும். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் சிவப்பை மிகுதியாக உட்கவர்கிறது. ஆக்சிஜன் ஏற்றது அகச்சிவப்பை மிகுதியாக உட்கவர்கிறது. இரண்டின் விகிதமே ஆக்சிஜன் அளவைக் கூறிவிடும். எட்டு இரண்டாயிற்று, மேசைமேல் இருந்தது விரல்நுனிக்கு வந்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது இந்திய இல்லங்கள் பலவற்றில் வெப்பமானியின் அருகே இக்கருவியும் இடம்பெற்றது.

படக்கருவியைச் சுருக்கும் வழிகள்

விரல்நுனிக் கருவி ஓர் எண்ணை மட்டுமே தருகிறது. ஒரு பரப்பு முழுவதையும் படமாகத் தரும் கருவியைச் சுருக்க இன்று நான்கு வழிகள் கையாளப்படுகின்றன.

முதல் வழி, ஒளி மூலத்தை மாற்றுவது. வெள்ளொளியைப் பாய்ச்சிப் பின்னர் பிரிப்பதற்குப் பதிலாக, வெவ்வேறு நிற எல்.இ.டி. விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பர். முப்பட்டகமும் நகரும் உறுப்புகளும் இதில் தேவையில்லை. தேவையான நிறம் மட்டுமே உண்டாக்கப்படுவதால் வெப்பமும் மின்செலவும் குறைகின்றன. மின்கலத்திலேயே கருவி இயங்கும்.

இரண்டாம் வழி, உணரியின்மேலேயே வடிப்பான்களை அமைப்பது. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் பலநிறம் காட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். படலத்தின் தடிமனுக்கேற்ப நிறம் மாறுகிறது. இதே நெறியில், ஒளியைப் பகுதியாக மட்டும் கடத்தும் இரு மெல்லிய ஆடிகளை எதிரெதிரே அமைத்தால், இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டுமே கடந்து செல்லும். பச்சை ஒளிக்கு அவ்விடைவெளி முந்நூறு நானோமீட்டருக்கும் குறைவு. தலைமயிரின் பருமனில் இருநூறில் ஒரு பங்கும் இராது. இத்தகைய வடிப்பான்களை நான்குக்கு நான்கு எனக் கட்டங்களாக உணரியின் புள்ளிகள்மேல் பதித்தால், ஒரே சொடுக்கில் பதினாறு நிறங்கள் கிடைக்கும். மூச்சும் துடிப்பும் இனித் தடையல்ல. ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. பதினாறு புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியின் வேலையைச் செய்வதால், இரண்டாயிரத்துக்கு ஆயிரம் புள்ளிகள் கொண்ட உணரி ஐந்நூறுக்கு இருநூற்றைம்பது புள்ளிகளாகத் தேய்ந்துவிடும்.

மூன்றாம் வழி கணக்கீடு. அருகருகே உள்ள அலைநீளங்களின் அளவுகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். எனவே அனைத்தையும் அளக்காமல் சிலவற்றை அளந்து, எஞ்சியவற்றைக் கணித முறையால் மீட்டெடுக்கலாம். கண்ணாடியும் உலோகமும் செய்த பணியின் ஒரு பகுதியைக் கணிநிரல் ஏற்றுக்கொள்கிறது.

நான்காம் வழி, நோய்க்கேற்ற அலைநீளங்களை மட்டும் தெரிந்தெடுப்பது. உணவுக்குழாய், குடல் போன்றவற்றைக் காணும் அகநோக்கியில் குறும்பட்டைப் படமாக்கம் என்னும் முறை வழக்கில் உள்ளது. 415 நானோமீட்டர் நீலஒளியும் 540 நானோமீட்டர் பச்சைஒளியும் மட்டுமே அதில் பயன்படுகின்றன. இவ்விரண்டையும் ஹீமோகுளோபின் நன்கு உட்கவர்கிறது. நீலம் மேற்பரப்பிலுள்ள நுண்குழல்களையும், பச்சை சற்று ஆழத்திலுள்ள குழல்களையும் தெளிவாக்கும். புதிய கட்டிகளில் குருதிக்குழல்களின் அமைப்பு மாறுபடுவதால், அவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிய இது துணைசெய்கிறது.

சுருங்கும்போது இழக்கக் கூடாதது

நூறு அலைநீளங்களுள் தொண்ணூற்றெட்டை விட்டுவிடும்போது, அவை கூறியிருக்கக்கூடிய செய்திகளையும் விட்டுவிடுகிறோம். சில செய்திகள் தேவையற்றவை, சில உயிர்காப்பவை.

மனிதத் தோலின் நிறத்துக்கு மெலனின் என்னும் நிறமியே முதன்மையான காரணம். அதுவும் ஒளியை உட்கவர்கிறது. பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒளியின் விகிதத்தை ஆக்சிஜன் அளவாக மாற்ற ஓர் அட்டவணையைப் பயன்படுத்துகிறது. நலமுடைய தன்னார்வலர்களின் ஆக்சிஜன் அளவை மருத்துவக் கண்காணிப்பில் குறைத்து, குருதியைச் சோதித்து உருவாக்கப்படும் அட்டவணை அது. அத்தன்னார்வலர்களுள் கருநிறத் தோலுடையோர் சிலரே இருந்தால், அவ்வட்டவணை எல்லார்க்கும் பொருந்தும் என உறுதிகூற இயலாது.

இந்த ஐயம் உண்மையே என 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவி 92 முதல் 96 விழுக்காடு எனக் காட்டிய நேரங்களில், குருதிச் சோதனையின் உண்மை அளவு 88 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த நிலை வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடாகவும், கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. கருவி நலம் என்று கூறும்போது நோயாளிக்கு மூச்சுக்காற்று போதாமல் இருந்திருக்கிறது. மருத்துவர் அவ்வெண்ணை நம்பினால் ஆக்சிஜன் அளிப்பது தாமதமாகும்.

இந்தியர்களின் தோல்நிறம் வெளிர்மாநிறம் முதல் அடர்கருமை வரை விரிந்தது. ஆதலால் வேறொரு நாட்டில், வேறொரு மக்களிடம் சோதிக்கப்பட்ட சிறுகருவியை இங்கு அப்படியே ஏற்பது பொருந்தாது. இந்நாட்டின் எல்லா நிறத்தாரிடமும் அது சோதிக்கப்பட வேண்டும். மெலனினின் அளவைத் தனியே காட்டும் ஓரிரு அலைநீளங்களைக் கூடுதலாகச் சேர்த்தால், கருவி சற்றே பெரிதாகலாம்; ஆனால் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெறும். அவ்வாறு சேர்க்கப்படும் அலைநீளம் வீண்சுமை ஆகாது.

மருத்துவக் கருவியைச் சுருக்குவோர் முன் இரண்டு கடமைகள் உள்ளன. நோயைக் காட்டும் நிறங்கள் எவை என்று தெரிந்தெடுப்பது முதற்கடமை. அந்நிறங்கள் எல்லா மனிதரிடத்திலும் ஒரே உண்மையைக் கூறுகின்றனவா என்று உறுதிசெய்வது இரண்டாம் கடமை. முதற்கடமை கருவியைச் சிற்றூருக்குக் கொண்டுசெல்லும். இரண்டாம் கடமை, அங்குள்ளோர் அதை நம்பத்தக்கதாக்கும்.

சொற்பொருள்

உட்கவர்தல் – தன்னுள் ஈர்த்துக்கொள்ளுதல்
நீலம் பாரித்தல் – நீலநிறம் பரவுதல்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
தமனி – இதயத்திலிருந்து குருதியை எடுத்துச் செல்லும் குழல்
சிரை – இதயத்துக்குக் குருதியைக் கொண்டுவரும் குழல்
உணரி – ஒளி, வெப்பம் முதலியவற்றை அறியும் உறுப்பு
அகநோக்கி – உடலின் உட்பகுதியைக் காண உதவும் குழாய்க்கருவி

மதிப்பீடு

அ. குறுவினா
1. எண்வகைத் தேர்வில் அடங்குவன யாவை?
2. நிறமாலையைப் பொருளின் கையொப்பம் என்பது ஏன்?
3. தரவுக் கனசதுரம் என்றால் என்ன?

ஆ. சிறுவினா
1. இராமன் பயன்படுத்திய இரு வடிப்பான்களின் பணியை விளக்குக.
2. நாடித்துடிப்பு என்னும் இடையூறு அயோயாகிக்கு விடையானது எவ்வாறு?
3. உணரியின்மேல் வடிப்பான்களைப் பதிப்பதால் விளையும் நன்மையையும் இழப்பையும் எழுதுக.

இ. நெடுவினா
‘சிறிய கருவி எல்லார்க்கும் பொதுவான கருவியாகவும் இருத்தல் வேண்டும்’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் துணைகொண்டு விளக்குக.

ஈ. பிரித்து எழுதுக
நிறமாலை, வெள்ளொளி, அகச்சிவப்பு, விரல்நுனி

உ. செயல்பாடு
இருட்டறையில் கைப்பேசி விளக்கின்மேல் விரலை வைத்து நோக்குக. பின்னர் சிவப்பு, பச்சை, நீல நிறக் கண்ணாடித்தாள்களை ஒவ்வொன்றாக விளக்கின்மேல் வைத்து, எந்நிற ஒளி விரலை மிகுதியாகக் கடக்கிறது எனக் கண்டறிந்து, காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.